வாப்பா அடைத்த யன்னல்

நாற்பதாம் நாள் கத்தம் ஓத வந்திருக்கும் உறவுகளுக்கும் ஊராருக்கும் ஸலாம். வாப்பா தம்மைப் படைத்தவனிடம் போய்விட்டார்கள். இதை எழுதுவதா விடுவதா என்று பல தாள்களைக் கிழித்துப் போட்டேன். "ஊருக்குத் தெரிஞ்ச கதைதானே, எழுது புள்ள" என்று உம்மா சொன்ன பிறகே எழுதுகிறேன்.

வாப்பா கிண்ணியாவில் பிறந்தார்கள். தகப்பனைக் கடல் கொண்டுபோனதால் சிறு வயதிலேயே தோணி ஏறி, திருகோணமலையில் வெள்ளைக்காரரின் கடற்படைத் தளத்தில் கல் சுமந்தார்கள். அங்கேயே மேசன் வேலை பழகினார்கள். வெள்ளைக்காரர் போனதும் வேலையும் போனது. வெறுங்கையோடு ஊர் திரும்பிய வாப்பாவிடம் பள்ளிவாசல் மினாராவைக் கட்டும் பொறுப்பு வந்தது. உச்சியில் நாலு பக்கமும் யன்னல். மோதினார் அங்கே நின்று தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொன்னால் ஊர் முழுவதும் கேட்க வேண்டும்.

மினாரா உயர உயர, அக்கம்பக்கத்துக் கிணற்றடிகள் மேலிருந்து தெரிந்தன. அதனால் ஏறுமுன் "ஏறுறோம்!" என்று சத்தமாகக் கூப்பிடுவது வழக்கம். குளிக்கும் பெண்கள் உள்ளே போய்விடுவார்கள். ஒரு நாள், குழைத்த சாந்து இறுகிவிடும் என்ற அவசரத்தில் வாப்பா கூப்பிடாமல் ஏறிவிட்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஹமீது மாமாவின் மனைவி கிணற்றடியில் நின்றிருந்தார்.

ஹமீது மாமா மீன் வெட்டும் கத்தியோடு வந்தார்.

"இறங்குடா! கண் ரெண்டையும் தோண்டுறன்."

"நான் பார்க்கல்ல, ஹமீது."

"பார்க்கல்லயா? அப்ப காத்து வாங்கவா ஏறின நீ?"

வாப்பா இறங்கிக்கொண்டிருந்த மரச்சாரத்தின் கயிறுகளை வெட்டினார். வாப்பா செங்கற்களோடு விழுந்தார்கள். விழுந்த வாப்பாவின் வலது தோளில் கத்தி இறங்கியது. வாப்பாவும் கோபக்காரர்தான், அதை நான் மறைக்கக் கூடாது. சாந்துக்கரண்டியால் அடித்த அடியில் ஹமீது மாமாவின் முன்பற்கள் போயின. மணலெல்லாம் இரத்தம் என்று உம்மா இன்றும் சொல்வார். அன்று மாலையே வாப்பாவின் தம்பியான எங்கள் சாச்சா, ஹமீது மாமாவின் தோணியைக் கொளுத்தினார். ஹமீது மாமாவின் ஆட்கள் எங்கள் கூரைக்குக் கல்லெறிந்தார்கள். ஒரு கல் யன்னலால் வந்து, கைக்குழந்தையாக நான் படுத்திருந்த ஏணைத் தொட்டிலுக்குள் விழுந்ததாம். என் பிள்ளையின் ஏணையை யன்னலோரம் கட்ட எனக்கு இப்போதும் பயம்.

காயம் ஆறியும் வாப்பாவின் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. ஆனாலும் பொலிசுக்குப் போகவில்லை. "கூப்பிடாம ஏறினது நான்" என்றார்கள். மினாராவில் கிணற்றடியைப் பார்த்த யன்னலை இடது கையாலேயே செங்கல் வைத்து அடைத்தார்கள். எங்கள் வீடும் அந்தப் பக்கம்தான். அதன்பின் இரண்டு வீட்டுக்கும் பாங்கு மங்கலாகவே கேட்டது. இரண்டு வீடும் பேசிக்கொள்ளவுமில்லை.

கடைசி மாதத்தில் வாப்பாவின் காது மந்தமானது. தொழுகை தப்பிவிடுமோ என்ற பதைப்பில், "பாங்கு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டபடியே இருப்பார்கள். நான் கத்திப் பதில் சொல்வேன். அயலவருக்குத் தொல்லையோ என்று கூச்சமாக இருக்கும். வேலிக்கு அப்பால் ஹமீது மாமாவுக்கு அது கேட்டிருக்கிறது. ஒரு காலை, பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் அனுமதி வாங்கி, சுவர் இடிக்கும் அலவாங்கோடு மினாராவுக்குப் போனார். ஏறுமுன் "ஏறுறோம்!" என்று கூப்பிட்டார்.

இடிக்கும் அதிர்வு படுக்கை வரை வந்தது.

"ஆர் இடிக்கிறது?"

"ஹமீது மாமா, வாப்பா. யன்னலைத் திறக்கிறார்."

வாப்பா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள்.

"சீமெந்து கூடப் போட்டனான். லேசில உடையாது. கஷ்டப்படட்டும், பொக்கைவாயன்."

நண்பகல் லுஹர் பாங்கு அந்த யன்னலால் தெளிவாக வந்தது. வாப்பா என்னிடம் கேட்காமல் தாங்களே எழுந்திருக்கக் கை நீட்டினார்கள்.

நோயில் பார்த்த வைத்தியருக்கும், இரவு பகலாகத் துணையிருந்த உறவுகளுக்கும், ஜனாஸாவைச் சுமக்க முன்னால் தோள் கொடுத்த ஹமீது மாமாவுக்கும் எங்கள் நன்றி. இரண்டு வீட்டுக் கிணற்றடிக்கும் மேலிருந்து தெரியாதபடி உயர மதில் கட்டிவிட்டோம். அந்த யன்னலை இனி யாரும் அடைக்க வேண்டாம்.