லோகநாதன் விமானம் வாங்குகிறார்

மனைவி தாட்சாயிணியின் இஞ்ச் டேப்பைக் கட்டிலில் நீளமாக விரித்து, முனைக்கு ஒரு தலையணையை வைத்துவிட்டு, லோகநாதன் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நீளத்துக்கு ஓர் இறக்கை இருந்தால் பைக்கின் பின்னால் கட்டி எடுத்துப் போக முடியுமா என்பது யோசனை. கூடத்தில், ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த பெண் கையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தாள்.

“டேப்ப குடுய்யா. அந்தப் பொண்ணு எவ்ளோ நேரம் கைய தூக்கினு நிக்கும்?”

“இரு தாட்சு. ஒரே ஒரு அளவு.”

பொங்கல் கழிந்ததிலிருந்து அந்த ஒரே ஒரு அளவு முடியவில்லை.

லோகநாதனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. போரூரிலிருந்து ஆவடி வரைக்கும் எந்த அடுக்குமாடியில் லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே ஆள் அலறினாலும், முதலில் எதைக் கழற்றுவது என்று அவர் தயங்கியதில்லை. அப்படிப்பட்ட மனிதரால் ரிமோட்டில் பறக்கும் சின்ன ஃபோம் விமானம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. அதுவும் வால் கிடையாது, உடம்பு கிடையாது, அம்பு முனைபோல வெறும் இறக்கை மட்டும்; பின்பக்கம் ஒரு விசிறி.

“மோதினாலும் பெருசா ஒண்ணும் ஆவாது தாட்சு. ஒட்டினா மறுபடி பறக்கும்.”

“அப்ப வாங்கு.”

“அதான் பாத்துனு கீறேன்.”

அவர் பார்க்கும் விதம்தான் வீட்டைப் படுத்தியது. ஒவ்வொரு மாடலையும் அதன் நிஜ அளவில், தாட்சாயிணி துணி வெட்ட வைத்திருக்கும் பழுப்புக் காகிதத்தில் கத்தரித்துக் கூடத்துச் சுவரில் ஒட்டினார். சின்னது ரொம்ப வேகம், கண்ணைச் சிமிட்டினால் மாங்காட்டைத் தாண்டிவிடும். பெரியது நிதானம், ஆனால் பைக்கில் ஏறாது. நடுவில் உள்ளது பைக்கில் ஏறும், நிதானமும் உண்டு. ஆனால் வெள்ளை நிறம், மேகத்தில் கலந்துவிடும். வேறு நிறத்தில் கிடைக்குமாமே என்றால், யோசிக்க வேண்டும் என்பார். தட்டில் போட்ட தோசையை முக்கோணமாக மடித்து, எங்கே பிடித்தால் சாயாமல் நிற்கிறது என்று விரல் நுனியில் வைத்துப் பார்ப்பார். தோசை ஆறிப்போகும்.

புதிய ஃபிளாட்டிலிருந்து தைக்கக் கொடுக்க வரும் சுரேகா ஒருநாள் கேட்டேவிட்டாள்: “என்னக்கா, சுவத்துல இத்தனை வௌவால்?”

“எங்கூட்டுக்காரரு வளக்கறாரு” என்றாள் தாட்சாயிணி.

யாருடைய கல்யாண ரவிக்கைக்கோ வரைந்து வைத்திருந்த காகிதமே இறக்கையாகிச் சுவரில் ஏறிய அன்று, அவள் பொறுமை போயிற்று. தையல் மெஷினை மூடிவிட்டுக் குமணன்சாவடிக்குப் பஸ் ஏறினாள். இந்த விமானங்களை விற்கும் தேவாவின் கடையில் போய் நின்றாள்.

“எதுனா ஒண்ண குடுப்பா. கொண்டுபோயி அவரு தலையில கட்டறேன்.”

தேவா சிரித்தார். “அண்ணன் தெனம் போன் பண்றாருக்கா. நெறம், சைஸு எல்லாம் சும்மா. கடைசியா கேக்கறது ஒண்ணுதான், ஒத்த ஆளா இத வுட முடியுமான்னு. இதுக்குச் சக்கரம் கெடையாது, கையாலதான் வீசணும். லிஃப்ட் வேலையில தோள்பட்டை தேஞ்சுபோயி, அண்ணனுக்குத்தான் அதுக்கு மேல கை தூக்க வராதே. ரிமோட்ட ஒருத்தர் புடிச்சா, வீச இன்னொருத்தர் வேணும்.”

இத்தனை வருஷம் வீசிக்கொடுத்தது எத்திராஜ். பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வாசலில் ஹாரன் அடிப்பவர். மார்கழியில் ஒருநாள், அவர் கையை விட்ட வேகத்தில் பழைய விமானம் தரையில் குத்தி நொறுங்கியது. “ஒரு பொருள ஒழுங்கா வீசக்கூட வக்கில்ல உனுக்கு” என்று நாலு பேர் எதிரில் லோகநாதன் கத்தினார். எத்திராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அதோடு அந்த ஹாரன் நின்றது.

தாட்சாயிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டைப் புரட்டிப் போட்டதெல்லாம் இதற்குத்தானா? வீச ஆளில்லை என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காகிதமாவது மிஞ்சியிருக்கும். நடுத்தர அளவில் சிவப்பாக ஒன்றை வாங்கிவந்து கட்டிலில் போட்டாள்.

லோகநாதன் அதைத் தொடவில்லை. “இத யாரு வீசறது?”

“நானு.”

“உனுக்கு வீச வருமா?”

“ஊட்டுல கீற சாமான வீசிக் காட்டட்டா?”

ஞாயிறு காலை குத்தம்பாக்கம் பக்கத்துப் பொட்டல் வெளியில் இருவரும் நின்றார்கள். “விசிறி பின்னால கீது, கைய முன்னால புடி. நீ வுட்டப்புறந்தான் மோட்டார் போடுவேன். மூக்கு கொஞ்சம் மேல” என்று அவர் சொன்னதையே சொன்னார். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இத்தனை நாள் எரிச்சலையும் சேர்த்து வீசினாள். சிவப்பு இறக்கை விர்ரென்று எழும்பிப் பனைமர உயரத்தில் வளைந்து திரும்பியது. லோகநாதன் விசிலடித்தார். இவருக்கு விசிலடிக்க வரும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

இறக்கிவிட்டு மறுபடி கொடுத்தார். இந்தத் தடவை அவள் மணிக்கட்டு தாழ்ந்துவிட்டது. விமானம் நாலடி போய் மூக்குக் குப்புற மண்ணில் குத்தியது.

லோகநாதன் வாயைத் திறந்தார். தாட்சாயிணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். வரட்டும் அந்த வார்த்தை. அவளிடம் பதில் தயாராக இருந்தது.

திறந்த வாய் மூடிக்கொண்டது. அவர் நடந்துபோய் விமானத்தை எடுத்து, மண்ணைத் தட்டி, நசுங்கிய மூக்கைக் கட்டைவிரலால் நீவினார். திரும்பி வந்து அதை அவள் கையில் வைத்தார். விசிறிப் பக்கம் போயிருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் நகர்த்தி வைத்தார்.