ஞானமுத்து சாரின் வலது கால்

டிரைவிங் ஸ்கூல் நடத்துவது என்றால் நம் உயிரை மணிக்கணக்கில் பிறர் காலடியில் வைப்பது. மனைவிக்கோ மச்சானுக்கோ ஒரு முறையாவது கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இரண்டு பிரேக்

எங்கள் வண்டியில் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் மிதிக்க மறந்தால் நான் மிதிப்பேன். ஸ்ரீரங்கம் சித்திரை வீதி மாமி ஒருவர், வங்கி அதிகாரி, மாடு வந்தாலும் பஸ் வந்தாலும் காலை அசைக்கவே மாட்டார். பத்து நாளும் என் கால்தான் உழைத்தது. பதினோராம் நாள், ஏன் என்று பணிவாகக் கேட்டேன். என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“உங்ககிட்ட ஒரு பிரேக் இருக்கோன்னோ? பின்னே நான் எதுக்கு மிதிக்கணும்?”

குரங்குக் கட்சி, பூனைக் கட்சி

இதை மாமியின் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். இது பழைய வேதாந்தப் பிரச்சினை. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். பகவானின் கிருபை இதில் எந்த ரகம் என்று எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக வாதம் நடக்கிறது. கிறிஸ்தவர்களும் கிருபை என்றே சொல்கிறார்களே, அவர்கள் எந்தக் கட்சி என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். கேட்டால் வம்பாகுமோ என்று கேட்கவில்லை.

அப்போதுதான் கே.கே. நகரிலிருந்து ஞானமுத்து சார் வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். கூடவே டேவிட், நாற்பது வயதிருக்கும். சபை வேனுக்கு டிரைவர் இல்லை, நடக்க முடியாத பத்துப் பேர் ஞாயிறு ஆராதனைக்கு வர வழியில்லாமல் வீட்டில் கிடக்கிறார்கள், டேவிட்டை மறுபடி பழக்கிக் கொடுங்கள் என்றார். “முன்னாடி ஓட்டினவரா? ஏன் விட்டார்?” என்றேன். சார் தன் காலைத் தட்டிக் காட்டினார்.

“குடிச்சிட்டு ஓட்டி இதை உடைச்சதே இவன்தான்.”

ஆஸ்பத்திரியில் கேட்டது

டேவிட்டுக்குத் தண்டனை முடிந்து, லைசென்ஸ் மீதிருந்த தடையும் நீங்கியிருந்தது. ஆனால் முதல் கியரைத் தாண்டவே மாட்டார். எடமலைப்பட்டி புதூரில் நடந்து போகிறவர்களெல்லாம் எங்களை முந்தினார்கள். நான் சும்மா இருப்பேனா? “சார்தான் மன்னிச்சாச்சே. இனி எப்படி ஓட்டினாலும் மன்னிப்பு உண்டுதானே?” என்று சீண்டினேன். டேவிட் வண்டியை ஓரங்கட்டினார்.

“மன்னிப்புக் கேக்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன் மாஸ்டர். வாயத் தொறக்கறதுக்குள்ள, சாப்பிட்டியான்னு கேட்டாரு. ஜெயில் பயமெல்லாம் ஒரு மாசத்துல தெளிஞ்சிடுச்சுங்க. அவரு கேட்டது தெளியலை. அதான் பாட்டிலத் தொட முடியலை.”

சார் உட்கார்ந்த இடம்

ஒரு வெள்ளிக்கிழமை டேவிட், “சபையில வேற டிரைவரப் பாத்துக்கச் சொல்லிடுங்க. இன்னொருத்தர இடிச்சா நான் தாங்க மாட்டேன்” என்று இறங்கிப் போய்விட்டார். சாருக்கு போன் செய்தேன். மறுநாள் காலையில் டேவிட்டைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். என்னைப் பின் சீட்டுக்கு விரட்டிவிட்டு, என் இடத்தில் ஏறி உட்கார்ந்து, “முக்கொம்புக்கு விடு” என்றார். அவசரத்துக்குப் பிரேக் மிதிக்க அங்கே ஒரு கால் வேண்டும் என்று நினைவூட்டினேன். “அதைத்தான் இவன் உடைச்சாச்சே” என்றார். டேவிட் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

வண்டி நகர்ந்ததும், பயத்தை மறக்க என் குரங்கு, பூனைச் சந்தேகத்தை எடுத்து விட்டேன். சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பூனைதான், அதுல என்ன சந்தேகம்? எங்க ஆண்டவர் நல்லவனாப் பாத்தா தூக்கினாரு? ஆனா தூக்கிட்டு வந்த குட்டி அப்புறம் நடக்கணும்ல? காலம் பூரா வாயிலயே தொங்கிட்டு இருக்குமா?”

ஆடுகள்

பாதி வழியில் ஒரு ஆட்டு மந்தை சாலையை அடைத்தது. டேவிட் வெகு தூரத்திலேயே பிரேக் மிதித்து, குலுங்காமல் நிறுத்தினார். ஆடுகள் நகர்வதாக இல்லை. “ஹார்ன் அடிங்க” என்றேன். அவர் உதட்டில் விரலை வைத்துப் பக்கத்து சீட்டைக் காட்டினார். சார் வாயைத் திறந்துகொண்டு ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். தன் காலை உடைத்தவன் ஓட்டும் வண்டியில். டேவிட் சிறிது நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஆடு ஒதுங்கும் வரை காத்திருந்தோம்.

முக்கொம்பில் சார் கண் விழித்தார். டேவிட் வேறு டிரைவர் பேச்சையே எடுக்கவில்லை. சபை வேனை யார் வீட்டுக்கு முதலில் கொண்டுபோகணும் என்று மட்டும் கேட்டார். சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“மொதல்ல எங்க வீட்டுக்கு வா. நாளைக்குக் காலைல அஞ்சரை மணி. நீயும் தூங்கிடாதே.”

கிருபையின் சித்தாந்தம் எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை என்றாலும், திருச்சியில் ஒரு டிரைவரை ஹார்ன் அடிக்காமல் நிற்கவைக்க வேறெந்த சக்தியாலும் முடிந்து நான் பார்த்ததில்லை.