பேராலயத்தை வலமாகச் சுற்றிய கதை

அருங்காட்சியகமாக மாறிய அந்தப் பழைய பேராலயத்தில் நான் பல வருடம் செக்யூரிட்டி. வாசலில் நின்று கால் வீங்கியதுதான் மிச்சம். வழிகாட்டி வேலை காலியானதும் விண்ணப்பித்தேன். மனேஜர் ஆரணி, நாங்கள் குடிவந்த இந்த நாட்டிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை, ஒரு டூர் செய்து காட்டச் சொன்னார். சரிவந்தால் வேலை எனக்கு, சொதப்பினால் திரும்பவும் வாசல். கட்டியது, எரிந்தது, திருத்தியது, சனம் குறைந்து மூடியது, அருங்காட்சியகம் ஆனது என்று எல்லாவற்றையும் பாடமாக்கினேன்.

வந்தவர்கள் டோர்செட் பார்க் தமிழ் முதியோர் சங்கத்தினர். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"தூண்களில் இருந்து விரிந்து போகிற இந்தக் கல் வளைவுகள்தான் கூரையைத் தாங்குது," என்றேன்.

"உதுக்குப் பெயின்ற் அடிக்க ஆள் பிடிக்கிறதுதான் கஷ்டம்," என்றார் ஓர் அங்கிள்.

நல்ல தொடக்கம் என்று நினைத்து நடந்தேன். முதல் வரலாற்றுப் பலகைக்கு முன்னால் நின்றேன். அதில், கடைசியாக வரவேண்டிய அருங்காட்சியகத் திறப்பு விழா இருந்தது. தரையில் அம்புக்குறி வலக்கைப் பக்கம் காட்ட, என் கால்கள் கோயிலில் போவதுபோல இடக்கைப் பக்கம் திரும்பி, பீடத்தை வலமாகச் சுற்றத் தொடங்கியிருந்தன. சங்கம் முழுவதும் கும்பிட்டபடி பின்னால் வந்தது.

ஆரணி ஓடிவந்தார். "அங்கிள், திஸ் இஸ் பேக்வர்ட்ஸ்! எல்லாரையும் திருப்புங்கோ."

சங்கத் தலைவி பூமணி அன்ரி அசையவில்லை. "இடமாச் சுத்தச் சொல்லுறியளோ? நான் மாட்டன். வீட்டில பேத்திக்குக் கலியாணம் பேசுறம்."

வேறு வழியில்லாமல் கதையைத் திருப்பினேன். டிக்கெட் விற்றோம், பிறகு பூட்டினோம், பிறகு சனம் நிரம்பியது, பிறகு கூரை எரிந்தது, எரிந்த கையோடு கட்டத் தொடங்கினோம். அம்புக்குறிப்படி எதிரே வந்த பள்ளிப் பிள்ளைகளை அன்ரிமார் "ரோங் வே" என்று சொல்லித் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள்.

கடைசிப் பலகையில் பேராலயம் கட்டுவதற்கு முன் இருந்த வெறும் நிலம்.

"இதுதான் முடிவு," என்றேன். வாசல் என் கண்ணுக்குள் நின்றது.

"நல்ல காணி," என்றார் பூமணி அன்ரி. "இனி மாடி மாடியாக் கொண்டோ வீடு கட்டுவாங்களோ?"

ஆரணி விழுந்து விழுந்து சிரித்தார். "ஓகே அங்கிள், வேலை உங்களுக்குத்தான். ஆனா ப்ளீஸ், மற்ற ஆக்களுக்குச் சேர்ச்சை முதல்ல கட்டிப்போட்டு, பிறகு கொளுத்துங்கோ."

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

புதிதாக வரும் வழிகாட்டிகளே, வரலாற்றை எந்தப் பக்கத்தில் இருந்தும் சொல்லப் பழகுங்கள். வரலாற்றைத் திருப்பலாம், அன்ரிமாரைத் திருப்ப முடியாது.