கூழுக்கு அனுமதி வேண்டாம்

ஓய்வு பெற்று ஜவ்வாது மலையில் குடியேறியபோது எனக்கு வாய்த்த பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புரட்சிக்காரர். இப்போது சாமை விதைக்கிறார். காலையில் நான் பிரிக்கும் முன்பே என் நாளிதழை எடுத்துக்கொண்டு போகிறார். வாலிபத்தில் அவரும் அவருடைய கூட்டாளியும் மலையிலிருந்து இறங்கி, கீழே தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கூட்டாளி செத்துப்போனார். இவர் சிறைக்குப் போய்த் திரும்பினார்.

போன வருடம் அவருக்கு ஓர் ஆசை. கூட்டாளி பிறந்த இந்த ஊரில் ஒரு கல் நட்டு, ஊரைக் கூட்டி, ஒருமுறையாவது அவரைப் பற்றிப் பேசிவிட வேண்டும்.

"எனக்கப்பறம் அவன் மூஞ்சி தெரிஞ்சவன் யாருமில்ல சார்" என்றார்.

காவல் நிலையத்தில் கேட்டதற்கு, சட்டம் ஒழுங்கு கெடும் என்று மறுத்துவிட்டார்கள். சாமைக் கொல்லைக்கு நடுவே என்ன ஒழுங்கு என்று கேட்கக் கூடாது. வருவாய்த் துறையில் அந்த வாக்கியத்தோடுதான் நான் குடும்பம் நடத்தினேன். அதற்குப் பொருள் கிடையாது. பலம் மட்டும் உண்டு.

"எந்த மாசம் செத்தார்?" என்று கேட்டேன்.

"ஆடி."

"அப்பறம் என்ன? கூட்டம் போடத்தான் அனுமதி வேணும். ஆடியில கூழ் ஊத்த யாரு அனுமதி கேக்குறாங்க?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "சாமி இல்லன்னு சொல்லி பங்காளிங்ககிட்டயே ஒத வாங்குனவன் சார் நானு. என்னப் போயி பூசாரியாக்கப் பாக்குறீங்களே!"

"பூசை வேணாம். கூழ மட்டும் ஊத்துங்க."

சில நாட்கள் அவர் என் வாசல் பக்கமே வரவில்லை. நாளிதழ் கசங்காமல் எனக்கே கிடைத்தது. பிறகு ஒரு காலை, வாசலில் வண்டியை நிறுத்தி, "கூழுக்குக் கேவுரு அரைக்கப் போறேன். சும்மாதான குந்தினுகீறீங்க, வர்றீங்களா?" என்றார்.

ஆடி ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் கல் நின்றது. அதில் சிவப்புத் துணி சுற்றியிருந்தார். அது சங்கக் கொடியின் சிவப்பு. ஆடி மாதத்தில் யார் வித்தியாசம் கண்டார்கள்? ஊரே சொம்போடு வந்தது. ஒவ்வொரு சொம்பிலும் ஊற்றும்போது கூட்டாளியின் பேரையும் அவர் செத்த கதையையும் சொல்லித்தான் ஊற்றினார்.

விசாரிக்க ஒரு காவலர் பைக்கில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கல்லைக் கும்பிட்டார்.

"இன்னா சாமி பெரியவரே இது?"

"கூலி கேட்ட சாமி."

"துடியான சாமிங்களா?"

பெரியவர் கரண்டியோடு கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"துடியாத்தான் இருந்தான்" என்றார். "டம்ளர நீட்டுப்பா."

காவலர் மறுபடியும் வாங்கிக் குடித்தார். இந்த வருடம் அனுமதிப் பேச்சே எழவில்லை. கூழ் எந்த ஞாயிறு என்று மட்டும் ஸ்டேஷனிலிருந்து கேட்டு அனுப்பியிருக்கிறார்கள்.