அப்பா மாறி ஏறிய பஸ்

எங்கள் குடும்பம் வெளிநாடு போனதற்குக் காரணம் ஒரு ஃபிரிட்ஜ் கிடைக்காமல் போனதுதான். அப்பா வேலை பார்த்த கார் கம்பெனியில் ஆயுதபூஜை அன்று தொழிலாளர்களுக்குக் குலுக்கல் வைப்பார்கள். நான் ஐந்தாவது படித்த வருஷம் முதல் பரிசு மலேசியா போய்வர மூன்று டிக்கெட், இரண்டாம் பரிசு ஃபிரிட்ஜ். அப்பாவுக்கு முதல் பரிசு விழுந்து தொலைத்தது. மனிதர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். இரண்டாம் பரிசுக்காரரிடம் பேசி மாற்றிக்கொள்ளலாம், அவரும் தயாராக இருக்கிறார் என்றார். எதிலும் தன் விருப்பத்தைச் சொல்லாத அம்மா அன்றைக்கு மட்டும், "ஃபிரிட்ஜு எப்ப வோணா வாங்கிக்கலாம். முருகன் கூப்புடும்போது போயிடணும்" என்று சொல்லிவிட்டாள். பத்துமலை முருகன்மேல் அம்மாவுக்குத் திடீரென்று வந்த பக்தியைப் பார்த்து, வடக்குப்பட்டில் எங்கள் தெருவே வாயைப் பிளந்தது.

அம்மாவைக் கூப்பிட்டது முருகன் இல்லை, என் மாமா. அம்மாவுக்கு ஒரே தம்பி. ஐ.டி.ஐ. முடித்த கையோடு அவரை அப்பாதான் சொல்லிவைத்துத் தன் கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்த்துவிட்டார். கொஞ்ச நாளில் மாமா மற்ற கான்ட்ராக்ட் பையன்களோடு கேட்டில் உட்கார்ந்து கோஷம் போட்டார். சேர்த்துவிட்டவர் நீங்கள்தானே என்று அப்பாவைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் இரண்டு பேரும் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உன் சிபாரிசில் வந்த சோறு எனக்கு வேண்டாம் என்றார் மாமா. இனிமேல் உன் மூஞ்சியில் முழிக்கமாட்டேன் என்றார் அப்பா. இருவருமே சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ளத் தெரியாத ரகம். மாமா ஏஜென்ட் பிடித்து மலேசியாவுக்கு விமானம் ஏறிவிட்டார். அம்மா பக்கத்து வீட்டு அக்காவின் போனிலிருந்து, அப்பா ஷிஃப்டுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, அவரோடு பேசுவாள்.

ஒருமுறை மாமாவோடு வேலை செய்யும் பையன் ஒருவன் லீவில் ஊருக்கு வந்தவன், எங்களுக்கு ஒரு பார்சல் கொண்டுவந்தான். பெருமைக்குக் கம்பெனிச் சட்டையையே போட்டுக்கொண்டு வந்திருந்தான். வெளிர்நீலச் சட்டை, காலர் மட்டும் கருநீலம். பத்துமலைக்குப் பக்கத்திலேதான் ஹாஸ்டல், மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு உள்ளே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்ததால், அம்மா அவனை மெல்லப் பேசச் சொன்னாள். பார்சலில் இருந்த தைலத்தை அப்பா தலைவலி வந்தால் தேய்த்துக்கொள்வார். அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

மலேசியாவில் எங்களுக்கு ஊர் சுற்றிப் பார்க்க ஒரே ஒரு நாள்தான். நடுப்பகலில் பத்துமலை. அங்கே பெரிய முருகன் சிலையின் காலடியில் மாமா வந்து நிற்பார். மத்தியான ஷிஃப்டுக்குப் போகுமுன் அக்காவைப் பார்த்துவிட்டுப் போவார். அப்பா படியேறிச் சாமி பார்க்கப் போகும்போது, கால் வலிக்கிறது என்று அம்மா கீழேயே உட்கார்ந்துகொள்வாள். இந்தத் திட்டம் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். வாயைத் திறந்தால் பல்லைத் தட்டிவிடுவேன் என்று சொல்லித்தான் என்னிடம் சொன்னாள்.

காலையில் கைடு வந்து கதவைத் தட்டிய தட்டில் திட்டம் ஆட்டம் காண ஆரம்பித்தது. அவர் அந்த ஊர்த் தமிழ் இளைஞர். கையில் ஒரு மஞ்சள் கொடி. ஆளுக்கொரு வெளிர்நீல டீ-ஷர்ட்டைக் கொடுத்து, இதைப் போட்டால்தான் யாரும் தொலையமாட்டீர்கள் என்று சொல்லி, எங்கள் கூட்டத்தை வாரிச்சுருட்டி பஸ்ஸில் ஏற்றினார். பஸ் கிளம்பிய பிறகுதான் அம்மா என் காதில், "அதிரச டப்பாவ ரூம்லயே வுட்டுட்டேன்டி" என்றாள். மாமாவுக்கென்று ஊரிலிருந்து துணிகளுக்கு நடுவில் ஒளித்துக் கொண்டுவந்த டப்பா. அவள் கண் கலங்கிவிட்டது.

பத்துமலைக்கு வழியில் சும்மா ஒரு சாக்லேட் கடை என்றார் கைடு. அந்தச் சும்மா லேசில் முடியவில்லை. அதற்கப்புறம் ஒரு கைக்கடிகாரக் கடை, ஒரு தோல் பை கடை. எங்களை உள்ளே விட்டுக் கதவருகே நின்றுகொள்வார். ஏதாவது வாங்காமல் வெளியே வருகிறவர்களைப் பாசத்தோடு மறுபடி உள்ளே அனுப்புவார். இரட்டைக் கோபுரத்தை ஓடுகிற பஸ்ஸிலிருந்து காட்டினார். நான் திரும்புவதற்குள் அது போய்விட்டது. தோல் பை கடையில் ஒரு தாத்தாவை விட்டுவிட்டு வந்து, பாதி வழியில் அவருடைய மனைவி போட்ட கூச்சலில் பஸ் திரும்பிப் போனது. அம்மா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மணி என்ன, மணி என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கேட்ட ஒவ்வொரு முறையும் அப்பா கடிகாரத்தைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னார். மற்ற நாளாக இருந்தால் எரிந்து விழுந்திருப்பார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில் சாய்ந்துவிட்டது. சிலையின் காலடியில் உலகத்து ஜனமெல்லாம் இருந்தது, மாமா மட்டும் இல்லை. அம்மா அங்கே நிற்கிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். அப்பா ரோட்டுப் பக்கம் திரும்பி நின்ற நேரம் பார்த்து, கைடிடம் போனை வாங்கி மாமாவுக்கு அடித்துப் பார்த்தாள், எடுக்கவில்லை. வேலைக்குக் கிளம்பிவிட்டால் போனை லாக்கரில் பூட்டிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தங்கமாய் மின்னுகிற முருகனை அண்ணாந்துகூடப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு தூரம் வந்து, ஒரு சாக்லேட் கடையில் தம்பியைத் தொலைத்துவிட்டாள். எனக்கு அந்தக் கைடைக் கடித்து வைக்கலாம் போல இருந்தது.

கடிப்பதற்கு முன்னாலேயே குரங்கு வந்துவிட்டது. கைடு கொடி பிடித்த கையிலேயே பிஸ்கட் பாக்கெட்டும் வைத்திருந்தார். குரங்கு கொடியையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு படியில் தாவியது. அவர் பின்னால் ஓட, கூட்டத்தில் பாதி அவர் பின்னால் ஓட, மீதிப்பேர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சிதறிப்போனார்கள். அப்பா மட்டும் அசையாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எழுந்துரு, பஸ்ஸு வந்துச்சு" என்று அம்மாவைக் கிளப்பி, எங்களை மெயின் ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே ஒரு பஸ் நின்றது. வெளிர்நீலச் சட்டைக்காரர்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்பா முன்னால் போய் டிரைவரிடம் என்னவோ பேசினார், அவர் தலையாட்டினார். அம்மா தயங்கி, "ஏங்க, இது நம்ப பஸ்ஸா?" என்றாள். "சட்டையப் பாத்தா தெர்ல? ஏறு" என்றார் அப்பா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும் ஒரகடம் ஜங்ஷனில் யாரும் பஸ்ஸின் போர்டைப் படிப்பதில்லை. நம் சட்டை போட்டவன் எதில் ஏறுகிறானோ அதில் ஏறிவிட வேண்டியதுதான்.

உள்ளே ஒரு முகமும் தெரிந்த முகமாக இல்லை. தாத்தாவும் இல்லை, அவர் மனைவியும் இல்லை. எல்லாரும் இளவட்டங்கள். ஒரு நேபாளிப் பையன் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தான். பஸ் கொஞ்ச தூரம் ஓடி ஒரு கம்பெனி கேட்டில் போய் நின்றது. அம்மா அப்பாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி ஒரு திட்டு அவள் வாயிலிருந்து வந்ததில்லை. அடுத்த கணம் கேட் வரிசையில் நின்ற ஒருவர் அக்கா என்று கூப்பிட்டார்.

மாமா இளைத்திருந்தார். அம்மா அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், தோளைத் தொட்டுப் பார்த்தாள், சாப்பிடுகிறாயா, சாப்பிடுகிறாயா என்று அதையே கேட்டுக்கொண்டு அழுதாள். அப்பா எங்கள் பக்கமே வரவில்லை. ரோட்டைத் தாண்டிப் போய், பூட்டிக்கிடந்த ஒரு கடையின் முன்னால் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பஸ் மாறி ஏறிய வெட்கம் என்று நினைத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன். கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சாமானும் இல்லை. அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தோள்பையைத் திறந்து, "பை கனக்குது, இத்த உங்கம்மாகிட்ட குடு" என்று அதிரச டப்பாவை எடுத்து நீட்டினார்.

டப்பாவை வாங்கிக்கொண்ட மாமா ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். "மாமா இன்னும் கோவமாத்தான் கீறாரா?" என்றார்.

"பஸ்ஸு மாறி ஏறிட்டாரு இல்ல, அந்தக் கோவம்" என்றாள் அம்மா. மாமா சிரித்தார். அதற்குள் சங்கு ஊதிவிட்டது. உள்ளே போகிறவரை மாமா திரும்பித் திரும்பிப் பார்த்தார். அப்பா கண்ணாடியைவிட்டுத் திரும்பவில்லை.

ஷிஃப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு அதே பஸ் திரும்பியது. கோயில் வாசலில் கைடு அழாத குறையாக நின்றிருந்தார். கொடி இல்லாத கையை நீட்டி, "என்னா அண்ணே நீங்க, பஸ்ஸு தெரியாதா உங்களுக்கு?" என்று எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். சூப்பர்வைசரிடம்கூட ஒரு சொல் கேட்காத அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "சட்டைக் கலரு ஒரே மாறி இருந்துச்சு, தம்பி" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஊருக்கு வந்து தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய் இந்தக் கதையை நடித்துக் காட்டியதும் நான்தான். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும், மலேசியாவில் பஸ் மாறி ஏறியவர் என்று அப்பாவைச் சீண்டாத சொந்தக்காரர் இல்லை. அவரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

இப்போது நானும் ஒரகடத்தில்தான் வேலைக்குப் போகிறேன். ஜங்ஷனில் விடியுமுன் நிற்கிறபோது, இரண்டு கம்பெனிக்காரர்கள் வெளிர்நீலம் போட்டுக்கொண்டு வருவார்கள். ஒன்றில் காலரும் வெளிர்நீலம், இன்னொன்றில் கருநீலம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே தூக்கக் கலக்கத்தில்கூட எனக்கு அது மாறவில்லை. என் வயதைவிட அதிக வருஷம் அந்த ஜங்ஷனில் நின்றவர் அப்பா. அதிரச டப்பாவைத் தனக்கென்று பையில் வைத்திருக்கவும் வழியில்லை, அவர் இனிப்பையே தொடமாட்டார்.

பூட்டிய கடையில் அப்படி என்ன பார்த்தார் என்று யோசிக்க எனக்கு அப்போது தோன்றவில்லை. நான் டப்பாவை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அந்தக் கண்ணாடியில் எதிர்ப்பக்கத்துக் கம்பெனி கேட் தெரிந்தது. அம்மா தெரிந்தாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமாவின் மூஞ்சியும் தெரிந்தது.