உடனே அலசினால் போதும்

விடுதிச் சலவைக்கூடத்தில் அவளுக்குக் கறையக்கா என்று பெயர். ரத்தமோ, காபியோ, மையோ, எது பட்டாலும் விரிப்பை வெள்ளையாக்கிவிடுவாள். வாயும் லேசுப்பட்டதல்ல. "காயறதுக்குள்ள அலசிட்டா எதுவும் ஒட்டாது" என்று நாலு பேரிடமாவது சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

குடும்ப விஷயத்திலும் அதே வித்தைதான். சொந்த வீடு கட்டிவிட்டுப் பிள்ளை பெறலாம் என்று கல்யாணமான புதிதிலேயே புருஷனும் அவளும் பேசிவைத்திருந்தார்கள். மாத்திரை, உறை எதுவும் கிடையாது. சேர்ந்ததும் உடனே எழுந்துபோய்க் கழுவிக்கொள்வாள், அவ்வளவுதான். ஆறு வருஷமாக ஒன்றும் ஆகவில்லை. இப்போது வீடும் முடிந்து, பிள்ளைக்கென்று ஓர் அறைக்குப் புருஷன் மஞ்சள் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான். இனிக் கழுவுவதை நிறுத்தினால் போதும் என்று இருந்தாள் கறையக்கா.

இஸ்திரி போடுகிற பெண்ணுக்குப் போன வருஷம்தான் கல்யாணம். படிப்பு முடியும்வரை பிள்ளை வேண்டாம் என்றவளுக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்ததும் கறையக்காதான். இப்போது அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

"உன் பேச்சைக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்!" என்று அழுதாள்.

"நீ சோம்பேறி. ஆற அமர எழுந்து போயிருப்ப" என்று அடித்துச் சொன்னாள் கறையக்கா. ஆனாலும் மனசு கேட்கவில்லை. வேலை முடிந்த கையோடு கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள்.

நர்ஸ் சோதித்துப் பார்த்துவிட்டு ஆமாம் என்றாள். நடந்ததைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

"கழுவினா போயிடும்னு எந்தப் புண்ணியவதி சொன்னா? விந்து நிமிஷத்துல உள்ள ஏறிடும். உள்ள தண்ணி பீச்சினா புண்ணுதான் மிச்சம். ஆணுறை போடணும், இல்ல மாத்திரை சாப்பிடணும். நோயும் வரக்கூடாதுன்னா ஆணுறைதான்."

புண்ணியவதிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் ஆறு வருஷமா அதான் செய்யறேன். எனக்கு ஒண்ணும் ஆகலியே!"

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். குரல் தணிந்தது. "வேற எதுவுமே பண்ணலியாம்மா?"

"இல்ல" என்றாள் கறையக்கா. "அப்போ... இத்தனை வருஷமா தடுத்தது நான் இல்லையா?"

"இல்லம்மா. கவலைப்படாதீங்க, இதுக்கெல்லாம் வைத்தியம் இருக்கு. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, ரெண்டு பேரையும் பார்க்கணும்."

இஸ்திரிக்காரி தன் அழுகையை மறந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் இன்னிக்கு பிள்ளை ரூமுக்கு ரெண்டாவது பூச்சு அடிக்கறேன்னாரு" என்றாள் கறையக்கா.