இனிப்பு நீர்க்காரர்களின் விரல்கள்

விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பது சுலபம்; மெஷினில் எண் வரும்வரை எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். சிரம்பான் பக்கம் ரந்தாவில் ஒரு சின்ன கிளினிக்கில் தாதியாக இருக்கிறேன். சுற்றியிருக்கும் தோட்டங்களில் எல்லோருக்கும் நான் ‘மிஸி’தான். சர்க்கரை வியாதியை இங்கே ‘இனிப்பு நீர்’ என்போம். அதைக் குறைக்கக் காலையில் நடக்கக் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டால் உள்ளுக்குள் சந்தோஷப்படுகிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் நம் கூட்டம்தான், வாருங்கள்.

கழுத்துக் கருப்பு

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்ட ஆபீசில் வேலை பார்க்கும் கவிதா காய்ச்சலுக்கு மருந்து வாங்க அம்மாவுடன் வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. காய்ச்சல் பார்க்கும்போது பின்கழுத்தைக் கவனித்தேன். தோல் தடித்து, வெல்வெட் துணி மாதிரி கறுத்துக் கிடந்தது. நடுவில் சிவப்பாகக் கீறல்கள். “என்னம்மா இது?” என்றேன். அவள் முடியை இழுத்து மூடிக்கொண்டாள். அம்மாதான் சொன்னார்: “ஒழுங்கா தேச்சுக் குளிக்க மாட்டேங்குறா மிஸி. நேத்து நானே நாரு போட்டுத் தேச்சு விட்டேன்.”

டாக்டரம்மா பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்த அன்று இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். அது அழுக்கு இல்லை. இன்சுலின் நிறையச் சுரக்கிறது, ஆனால் உடம்பு அதன் சொல்லைக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதால் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அதன் அடையாளம்தான் கழுத்தில் தெரிகிறது. இனிப்பு நீர் இன்னும் வரவில்லை, வாசல்வரை வந்துவிட்டது. இப்போதே எடையைக் குறைத்து, சாப்பாட்டை மாற்றினால் தடுக்கலாம். கவிதாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. பயமா, நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா மகளின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “இத்தன வருசமா அழுக்கு அழுக்குன்னு திட்டுனேனே மிஸி, ஒரு நாளாச்சும் இங்க கூட்டியாந்திருக்கலாம்ல?”

பின்னால் பார்க்கும் மெஷின்

ஆறுமுகம் அண்ணன் லோரி ஓட்டுகிறவர். அவருடைய சர்க்கரை எப்போது பார்த்தாலும் அழகாக இருக்கும். ஆனால் கால் எரிகிறது, கண் மங்குகிறது என்பார். டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்து, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனைக்கு அனுப்பினார். அந்த எண் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. கிளினிக்குக்கு வருவதற்கு முன்னால் ரெண்டு நாள் மட்டும் பட்டினி கிடந்துவிட்டு வருகிறார் மனுஷர்! பரீட்சைக்கு முதல் நாள் படிக்கிற பிள்ளை மாதிரி.

இப்படியே போனால் இதயம், சிறுநீரகம் எல்லாம் கெட்டுவிடும் என்று டாக்டரம்மா கடுமையாகவே சொன்னார். அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. வெளியே வந்து என்னிடம் குனிந்து, அந்தப் பரிசோதனை என்னதான் செய்யும் என்று கேட்டார். கடந்த மூன்று மாதம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை அது சொல்லிவிடும் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார்: “போனதையெல்லாம் ஞாபகம் வச்சிருந்து சொல்லுதுன்னா அது மெஷின் இல்ல மிஸி, என் பொண்டாட்டி.”

காத்து மருந்து

கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில் மண்டோராக இருக்கும் பெரியசாமி அண்ணன், செம்பனைக் குலை வெட்டும் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துவிட்டு நேராக மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். பல வருஷமாக இனிப்பு நீர் உள்ளவர். கிளினிக்கில் கூட்டம். அவர் மூலையில் உட்கார்ந்திருந்தார். ஏர்கோன் குளிரில் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க, இவர் சட்டை மட்டும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

“நெஞ்சு வலிக்குதாண்ணே?”

“வலியெல்லாம் இல்ல மிஸி. ராத்திரிலேர்ந்து ஒரு மாதிரி அசதியா இருக்கு. வயித்துக் காத்துதான். காத்து மருந்து குடுத்தா போதும்லா. இவங்கள்லாம் போவட்டும், நான் இருக்கேன்.”

எனக்கு மனம் கேட்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, அவரை உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்து ஈசிஜி எடுத்தேன். தாளைப் பார்த்த டாக்டரம்மா ஆஸ்பிரினை எடுத்து, “மென்னு முழுங்குங்க” என்றார். அடுத்த நிமிஷம் போனில் ஆம்புலன்ஸ் கேட்டார். மாரடைப்பு. நாள்பட்ட சர்க்கரை நரம்புகளை மரத்துப்போகச் செய்துவிடும். சிலருக்கு இதயம் கத்தினாலும் காது கேட்காது என்று பிறகு சொன்னார்.

சிரம்பானிலிருந்து வண்டி வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஈரத்துணி மாதிரி சில்லென்று இருந்தது. “மோட்டார பூட்டல மிஸி” என்று மட்டும் ரெண்டு தரம் சொன்னார். அவர் மனைவிக்கு நான்தான் போன் போட்டேன். “காத்து மருந்து வாங்கத்தான போனாரு?” என்று அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. சைரன் சத்தம் கேட்டபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

பிழைத்துக்கொண்டார். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, உடம்பு இளைத்து, அம்பாங்கானில் மகள் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். பிறகு குழந்தை மாதிரி குறைப்பட்டுக்கொண்டார்: “கொஞ்சமாச்சும் வலிச்சிருந்தா நானே பயந்து ஓடியாந்திருப்பேன்ல மிஸி?”

என் முறை

அவரை அனுப்பிய பிறகு எனக்கு ஒரு பயம் ஒட்டிக்கொண்டது. என் அப்பாவும் ‘அசதி’ என்று படுத்தவர்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. சமீபமாக எனக்கும் தாகம், களைப்பு. ஒரு காலை வேளை, கதவைச் சாத்திவிட்டு, என்னோடு வேலை செய்யும் ரொஹானாவிடம் வெறும் வயிற்றோடு விரலை நீட்டினேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மலாய்ப் பெண், நம்மைப் போலவே தமிழ் பேசுவாள். எண் வந்தது. இருக்க வேண்டியதைவிட நன்றாகவே கூடுதல்.

ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா? “நேத்து கோயில்ல பாயாசம் குடிச்சேன், அதான்.” ரொஹானா ஊசியைக் குப்பையில் போட்டுவிட்டு, டாக்டரம்மா அறைக் கதவை எனக்காகத் திறந்து பிடித்தாள்: “இங்க வர்ற எல்லாருமே நேத்துதான்லா அக்கா பாயாசம் குடிக்கிறாங்க.”

இனிப்பு நீரைக் கண்டு பயப்படாதவர் எங்கள் பக்கம் ஒருவர்கூட இல்லை, அந்தப் பயம் தெளிய எல்லோருக்கும் டின் பால் ஊற்றி இனிக்க இனிக்க ஆற்றிய ஒரு கிளாஸ் தே தாரேக் டீ தேவைப்படுகிறது என்பதுதான் சிக்கல்.